மின்விசிறியை நிறுத்திய பாட்காஸ்ட்

மும்பையிலுள்ள எங்கள் தாராவிப் பள்ளியின் முதல் பாட்காஸ்ட் மறுநாள் காலைக் கூட்டத்தில் ஒலிக்க வேண்டும். தமிழாசிரியனான நானே உரை எழுதினேன், அதுதான் வினை. சத்தம் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தி, ஜன்னல்களையும் அடைத்தேன். ஏழாம் வகுப்பு முத்துலட்சுமி வியர்வையில் நனைந்து, 'உழைப்பின் உறைவிடமாம் தாராவி' என்ற முதல் வரியிலேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தாள். கத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பதிவைப் போட்டால், நான் இல்லாதபோதும் ரெக்கார்டர் ஓடியிருக்கிறது. கூட உட்கார்ந்திருந்த தோழியிடம் முத்துலட்சுமி சொல்கிறாள்: "ஏட்டி, தாராவில யாருட்டி இப்படி பேசுதாவ? சாரு ஒருநா எங்க குழாயடில தண்ணி புடிச்சுப் பாக்கட்டும், பாகல் ஆயிருவாரு, பைத்தியமே புடிச்சிரும்!"

"சார், டிலீட் பண்ணிருங்க சார்!" என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

அத்தனை பதிவிலும் உயிரோடிருந்தது அது ஒன்றுதான். மின்விசிறியைப் போட்டேன். "அந்தக் குழாயடிக் கதையைச் சொல்லும்மா" என்றேன்.

மறுநாள் விசிறிச் சத்தத்தோடு அதுதான் ஒலித்தது. என் உரை என்ன ஆயிற்று என்று இதுவரை ஒருவரும் விசாரிக்கவில்லை.