நல்ல சேலை கட்டிக்கொண்டு ஏரிக்குப் போன நாள்

பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் விடுகிற நாள். மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பும் வரை மாடியில் நடந்தேன். பால் காய்ச்சினேன். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை படித்தேன். நாச்சாரத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு வழக்கமான நேரத்துக்குப் போய், ஸ்டோர்ஸ் வேலைகளை முடித்து, மதியம் அரை நாள் விடுப்பில் கிளம்பினேன். இதையெல்லாம் அன்றே டைரியில் எழுதிவிட்டேன். என் டைரியை யாராவது திருடிப் படித்தால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பலன் நல்ல தூக்கம்தான்.

விடுப்பு எடுத்தது என் மனைவியின் பிறந்தநாளுக்காக. கொண்டாப்பூரில் இருக்கும் மகள், துர்கம் செரு ஏரியில் எங்கள் மூவருக்கு மட்டும் என்று ஒரு படகை ஏற்பாடு செய்திருந்தாள். "கூட்டத்தோட இல்ல டாடி. ப்ரைவேட் போட். ப்ளீஸ், ஃபேஸை மட்டும் நல்லா வைங்க" என்றாள். நன்றாகத்தான் வைத்திருந்தேன், லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடும் வரை.

ஈரம் சரியாகக் காயாத துணி, டீசல், முன்பு அணிந்திருந்தவர்களின் வியர்வை. மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறின. படகு கிளம்பியது. மனைவி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். தொங்குபாலத்தின் விளக்குகள் நீலமாகி, பிறகு ஊதாவாகின. மகள் என் தோளைத் தட்டினாள். "டாடி, மேல பாருங்க. வை ஆர் யூ லுக்கிங் டவுன்? தண்ணிக்குள்ள என்ன இருக்கு?"

அப்போதுதான் தெரிந்தது, ஏறியதிலிருந்து நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் "ஒண்ணுமில்லம்மா" என்றேன். உங்களிடம் சொல்கிறேன்.

டீசல் வாசனை எனக்கு அப்பாவின் வாசனை. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான். அப்பா ரயில் எஞ்சின் டிரைவர். அவர் சட்டையை எத்தனை முறை அலசினாலும் அந்த வாசனை போகாது. அம்மா கோயிலுக்குப் போகும் சட்டையைத் தனியாக வேறு கொடியில் காயப்போடுவாள். எஞ்சினில் டிரைவரும் உதவியாளரும் சிக்னலைப் பார்த்ததும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். குளியலறைக் கதவு திறந்தால் "லைன் க்ளியர்!" என்பார். அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறையில் நின்றால் என்னிடம் கிசுகிசுப்பார்: "சிவப்பு விழுந்திருக்குடா. வண்டியை வெளியிலேயே நிறுத்து."

அந்த சிக்னல்தான் அவருக்குத் தெரியாமல் போக ஆரம்பித்தது. முதலில் மாலையில், பிறகு மேகம் போட்ட பகலில். டிரைவர்களுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. தவறினால் எஞ்சினில் ஏற முடியாது. ஏதாவது ஒரு லேசான வேலை கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை அப்பா யாரிடமோ எழுதி வாங்கி வந்தார். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அவரை ஒப்பிக்க வைத்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஜெபமாலை சொல்வதுபோல அந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை சொல்வாள். அப்பா தடுமாறினால் "ஈ முடிஞ்சு எஃப்புங்க, எஃப்பு" என்று எடுத்துக் கொடுப்பாள். அந்த வண்டியில் எத்தனை பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள் என்று எங்களில் யாருக்கும் அப்போது தோன்றவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், எஞ்சின் இல்லாத அப்பாவை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாது என்பதுதான்.

பரிசோதனையன்று அட்டை மாறியிருந்தது.

அப்பா மதியம் வீட்டுக்கு வந்தார். "ஃபெயில்" என்ற ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். சோற்றைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். இரவு வரவில்லை. மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனில், ஆம்பளை ஆள், தானாக வருவார், நாளைக்கும் வரவில்லையென்றால் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பகல் பன்னிரண்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆரோக்கியம் அங்கிள் மூச்சிரைக்க வந்தார். அப்பாவோடு எஞ்சின் ஷெட்டில் வேலை பார்ப்பவர். ஏரிக்கரைச் சாலையான டேங்க் பண்ட் வழியாக பஸ்ஸில் வந்திருக்கிறார். ஹுசேன் சாகர் ஏரியைப் பார்த்த கைப்பிடிக் கம்பியோரம் அப்பாவின் சைக்கிள் பூட்டி நின்றதாம். ஆள் இல்லை.

அம்மா அழவில்லை. "போட்டு ஒண்ணு எடுத்துத் தேடணும்" என்றாள்.

"தேடணும்னு சொன்னா ஒருத்தனும் போட்டு விடமாட்டான் ரோசம்மா" என்றார் அங்கிள். "மறுபடி ஸ்டேஷனுக்குப் போங்கம்பான். டூர் வந்திருக்கோம்னு சொல்லுங்க. பெரிய லாஞ்ச் நேரா ஏரி நடுவுல இருக்கற புத்தர் சிலைகிட்ட போயிட்டு வந்துரும். ஸ்பெஷல் போட்டுன்னா நீங்க சொல்ற பக்கம் போகும். ஆனா இப்படியே போகாதீங்க. மூஞ்சைக் கழுவுங்க. நல்ல சேலை கட்டுங்க. நீங்க வர்றதுக்குள்ள நான் ஷெட்டுல, ரயில் ஸ்டேஷன்ல எல்லாம் விசாரிக்கிறேன்."

அம்மா பெட்டியைத் திறந்து கிறிஸ்துமஸ் சேலையைக் கட்டினாள். கிளிப்பச்சைப் பட்டு. முகத்துக்குப் பவுடர் போட்டாள். ஒரு கன்னத்தில் அதிகமாக அப்பியிருந்தது. நான் துடைத்துவிட்டேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. நாச்சாரத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டு, சீப்பால் வகிடு எடுத்தேன். வகிடு நேராக இல்லை என்று இரண்டாம் முறையும் எடுத்தேன். அந்த நேரத்தில் வகிடு எடுத்தவனைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

படகுக்காரர் உற்சாகமான மனிதர். பெரிய மீசை. அம்மாவைக் கைகொடுத்து ஏற்றினார். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைப் பட்டுச்சேலை மேல் மாட்டிவிட்டார். படகு நகர்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். "ஓ தேக்கோ மேடம், புத்தா! பூரா ஏக்கிச் பத்தர். உதர் பிர்லா மந்திர். ஃபோட்டோ லேனா ஹை தோ போலோ, ரோக்தூம்." புத்தர் ஒரே கல்லில் செதுக்கியவராம், ஃபோட்டோ எடுக்க வேண்டுமென்றால் படகை நிறுத்துவாராம்.

"கரையோரமா போகச் சொல்லு" என்றாள் அம்மா என்னிடம்.

"பாயி, கினாரே கினாரே சலோ."

"கினாரே மே க்யா ஹை சாப்? கச்ரா ஹை, பாஸ் ஹை." கரையோரத்தில் குப்பையும் நாற்றமும்தான் என்று அவர் சிரித்தார். ஆனாலும் திருப்பினார்.

நான் மனதுக்குள் ஏரியைப் பிரிக்க ஆரம்பித்தேன், ஸ்டோர்ஸில் ரேக் பிரிப்பதுபோல. இந்தத் தூண் வரை ஒன்று, அந்த மரம் வரை இரண்டு. ஒன்று முடிந்தது, இனி இரண்டைப் பார்ப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா திரும்பாமலே சொன்னாள்: "கணக்கா பாக்காதடா. கண்ணால பாரு."

பார்த்தோம். தண்ணீர் பச்சையாகக் கெட்டியாக இருந்தது. பிளாஸ்டிக் பைகள், செருப்பு ஒன்று, விநாயகர் கரைத்த பிறகு மிஞ்சிய மூங்கில் சட்டங்கள். படகுக்காரருக்கு வருத்தம். இத்தனை அழகான சிலையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேர் குப்பையைப் பார்த்தால் யாருக்குத்தான் வருத்தம் வராது? "அம்மா, ஊப்பர் தேக்கோ! நீச்சே கைக்கு தேக்ரே?" மேலே பாருங்கள், கீழே ஏன் பார்க்கிறீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அம்மா ஒவ்வொரு முறையும் தலையை நிமிர்த்தி, புத்தரைப் பார்த்து, "ஹவ், ஹவ், அச்சா ஹை" என்று ஆமாம் போட்டுச் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்தாள். அந்தச் சிரிப்பை நான் டைரியில் எழுதவில்லை. எழுத வரவில்லை.

மூங்கில் சட்டங்களுக்கு இடையில் காக்கி நிறத்தில் ஒன்று கிடந்தது. முதுகுபோல வளைந்து, அலைக்கு மெல்ல ஏறி இறங்கியது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் அவள் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்தேன். அவள் பாதி உடம்பு வெளியே தொங்க, சேலைத் தலைப்பு தண்ணீரில் விழ, "என்னங்க!" என்று கத்தினாள். கணவரைக் கூப்பிட அவளிடம் இருந்த ஒரே பெயர் அதுதான். படகுக்காரர் துடுப்பால் அதைப் புரட்டினார். வைக்கோல் திணித்த கோணிப்பை. ஏதோ சிலையின் வயிறு.

எஞ்சினை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். "கோன்?" என்றார், யாரைத் தேடுகிறீர்கள் என்பதுபோல.

"அப்பா" என்றேன். அதற்கு மேல் இந்தி வரவில்லை.

அவர் படகைத் துறையை நோக்கித் திருப்பினார். அம்மா கெஞ்சினாள். தெரிந்த எல்லா மொழியிலும் கெஞ்சினாள். "பையா, ஏக் சக்கர் பையா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை போய்விடும் என்று பயம். துறையில் அடுத்த சவாரிக்கு ஒரு குடும்பம் தொப்பியும் கூலிங் கிளாஸுமாக நின்றது. "உத்ரோ அம்மா" என்றார். அம்மா இரண்டு கைகளாலும் இருக்கையைப் பற்றிக்கொண்டாள்.

"நக்கோ" என்றாள். "நான் இறங்கமாட்டேன்."

நான் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. தொப்பி போட்டவர் "க்யா ஹோகயா?" என்று எட்டிப் பார்த்தார். படகுக்காரர் அம்மாவின் ஈரத் தலைப்பைப் பார்த்தார். பிறகு தொப்பி போட்டவரிடம், "குச் நை சாப், மேடம்கு ஹவா நை லகி. ஔர் ஏக் ரவுண்ட்" என்று, மேடத்துக்குக் காற்று போதவில்லை என்பதாகச் சொல்லிவிட்டுப் படகைப் பின்னால் தள்ளினார்.

இரண்டாம் சுற்றில் அவர் புத்தரைக் காட்டவில்லை. கரையோரமாக, நடக்கிற வேகத்தில் ஓட்டினார். மூன்று பேரும் தண்ணீரைப் பார்த்தோம். அவரும் கீழே பார்த்துக்கொண்டே ஓட்டியதில் படகு இரண்டு முறை கல்லில் உரசியது. ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காதது நல்லதா கெட்டதா என்று அம்மாவைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், அம்மாவின் பட்டுச்சேலையைப் பார்த்து ஆசையாகக் கேட்டார்: "ஷாதி மே ஜாக்கே ஆரே?" கல்யாணத்துக்குப் போய் வருகிறீர்களா என்று. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு "ஹவ்" என்றாள்.

குவார்ட்டர்ஸ் வாசலில், பூட்டிய கதவுக்கு முன்னால், அப்பா உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அம்மாவின் சேலையை அவருக்குத் தெரிந்த அளவுக்குப் பார்த்து, "எங்க ரோசு, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

அம்மா அவரை அடித்தாள். ஈரத் தலைப்பைச் சுருட்டி, தோளிலும் முதுகிலும் மாறி மாறி அடித்தாள். அப்பா தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தபின் அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மெதுவாகச் சொன்னார்.

"டேங்க் பண்ட்ல உக்காந்து போட்டு மேல எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாத்தேன். வரல. அப்புறம் சைக்கிள்ல ஏறவே பயமாயிருந்துச்சு. பஸ் புடிச்சுப் போயி காசிப்பேட் பாசஞ்சர்ல ஏறினேன். கதவுகிட்ட நின்னு ஒவ்வொரு சிக்னலா சொல்லிப் பாத்தேன். பக்கத்துல நின்னவனை சரியான்னு கேட்டேன். பைத்தியம்னு நெனச்சு அவன் அடுத்த பெட்டிக்குப் போயிட்டான்." சிரிக்கப் பார்த்தார். "ராத்திரி அங்க டிரைவருங்க தங்கற ரன்னிங் ரூம்லயே படுத்துட்டேன். காலையில திரும்பி வர்றப்பவும் பாத்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல ரோசு."

எங்கே போயிருந்தோம் என்று அம்மா அவரிடம் சொல்லவில்லை. கடைசி வரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சைக்கிளை நான் போய் எடுத்துவந்தேன். அப்பா அதன் பிறகு அதில் ஏறவில்லை. ஷெட்டில் தொழிலாளர்களுக்கு வருகைக்கான பித்தளை டோக்கன் எடுத்துக் கொடுக்கும் ஜன்னலில் அவரை உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான். இப்போது அந்த ஜன்னலும் டோக்கனும் இல்லை. விரல் வைத்தால் போதும், வருகை பதிவாகிவிடுகிறது. எங்கள் வரிசைக் குவார்ட்டர்ஸை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். ஆரோக்கியம் அங்கிள் போய்விட்டார். அப்பா கட்டிலில், அம்மாவின் கையைப் பிடித்தபடி போனார். அம்மா அவருக்குப் பின் அதிக நாள் இருக்கவில்லை. ஆனால் எனக்கு முதலில் காணாமல் போனது இவர்கள் யாரும் இல்லை. குளியலறைக் கதவு திறந்தால் "லைன் க்ளியர்!" என்று கத்துகிற ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். அவர் காசிப்பேட்டிலிருந்து திரும்பி வரவில்லை.

அம்மாவும் நானும் படகில் போன நாளுக்கு மறுநாள் காலை முதல் காரியமாக, அப்பா அந்த லேசான வேலையைக் கேட்டு ஷெட்டுக்குக் கிளம்பினார். நடந்துதான். அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே இறங்கி, தெருவில், எல்லார் எதிரிலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அதுவரை அவர்கள் வெளியில் கைபிடித்து நான் பார்த்ததில்லை. எதிரே ஷிஃப்ட் முடிந்து டிரைவர்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள்.

"விடு ரோசு, ஆளுங்க பாக்கறாங்க" என்றார் அப்பா.

"பாக்கட்டும்" என்றாள் அம்மா. ஷெட் கேட் வரைக்கும் விடவில்லை.