பத்து மைல் ஓடிய பட்டை

மண்ணெண்ணெய்த் துணி இரும்புப் பட்டையின் மேல் நிதானமாகப் போய் வருகிறது. பிறகு அந்தக் கைகள் பட்டையை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்து, திருநீறு பூசுவதுபோல் சுண்ணாம்புத் தூளை நெடுகத் தடவிவிட்டுக் காத்திருக்கின்றன. எங்காவது விரிசல் இருந்தால், உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து வெள்ளையில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோடு விழுந்தது. நடு ஆணித் துளையின் ஓரத்தில், முடி கனத்துக்கு.

செல்லூர்ச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் பேயாண்டி, மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்பு வளையம் பூட்டிக்கொண்டிருந்தவர். கார் வில்லை, சக்கரத்துக்கு மேல் அதிர்வு தாங்கும் அந்தப் பட்டை அடுக்கை, தானே கழற்றிப் பார்த்துப் படித்தார். "படிக்கலண்ணே, ஒடைச்சு ஒடைச்சுப் பழகினேன்" என்பார். யாராவது கைராசிக்காரர் என்று புகழ்ந்தால், வாசலில் தொங்கும் ஒடிந்த பட்டையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார். அது அவர் விரிசலைப் பற்றவைத்துக் கொடுத்தது.

"பத்து வருசம் ஓடும்னேன். பத்து மைல் ஓடுச்சு. பத்து மட்டும் சரியாப் போச்சு."

அது ஒடிந்தபோது அந்தக் காரில் அவரும் இருந்தார். இடது இடுப்பு இன்னும் கோணல். அன்றிலிருந்து, வில் பார்த்த வண்டி எதுவானாலும் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து திருப்பரங்குன்றம் வரை போய்வந்த பிறகே ஒப்படைப்பார். அடியில் நாலாக மடித்த சாக்கு. "எனக்குப் பயமில்ல. இடுப்புக்குத்தான் பயம்."

இன்று விரிசல் கண்ட வில்லுக்குச் சொந்தக்காரன், வாடகைக் கார்க்காரன் சோணை, உலைப் பக்கம் நிலைகொள்ளாமல் நின்றான். எழுமலையில் அவன் தங்கை சின்னத்தாய்க்கு மாதம் நிறைந்துவிட்டது. இன்றைக்குள் மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்லியிருந்தாள் மருத்துவச்சி.

"பத்தவச்சுக் குடுங்கண்ணே. ஒரு மணி நேர வேலதானே?"

"வாசல்ல தொங்குதுல்ல மாப்ள, அதுவும் ஒரு மணி நேர வேலதான்."

"புதுசுக்கு எங்க போறது? சீமையில சண்டை முடிஞ்சாத்தான் வரும்கிறாக."

பேயாண்டி கொல்லையிலிருந்து ஒரு பழைய லாரிப் பட்டையை இழுத்து வந்தார். அகலம் ஒத்தது. துணி, சுண்ணாம்பு, காத்திருப்பு. கோடு விழவில்லை.

"மத்த ஆறு பட்டைக்கும் வளைவு ஏத்திருவேன். இந்த மேல்பட்டைய மாத்தித்தான் ஆகணும். இத வெட்டி, முனையச் சுருட்டி, எண்ணெயில தோய்ச்சு எடுக்க மூணு மணி நேரம் ஆயிரும்."

"அம்புட்டு நேரமா! ஏறப்போறது என் தங்கச்சிண்ணே!"

"அதனாலதான் மாப்ள. நெல்லு மூட்டைன்னா எப்பவோ பத்தவச்சிருப்பேன். நம்ம கைராசி அப்படி."

சோணை வாய்க்குள் திட்டிக்கொண்டே துருத்தி ஊதினான்.

பிற்பகல் மூன்று மணிக்கு வில்லைப் பூட்டி, கடைசி ஆணியையும் முறுக்கிவிட்டுப் பேயாண்டி எழுந்தார். குன்றம் போய்வர நேரமில்லை.

"வண்டி ஒன்னோடது. எடு. எழுமலைக்கே வாரேன்."

பின்னால் ஏறி, வழக்கமான இடத்தில் சாக்கை மடித்துப் போட்டார். உட்காரப் போனவர் ஒரு கணம் நின்று, அதை உருவி வெளியே எறிந்தார். சாக்கு இருந்தால் பட்டை பேசுவது உடம்புக்குக் கேட்காது.

வெறும் பலகையில் உட்கார்ந்தார். கதவுப் பிடியை மட்டும் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.