நெல் குவியலின் மேல் என் தலை

பிள்ளைகளா, பள்ளி வேனிலிருந்து பார்த்துவிட்டு வந்து கேட்டீர்களே, "ரோட்டுல தொங்கினத எடுக்கச் சொல்லி அலைஞ்ச நீங்களே, ஏம்ப்பா அத கொள்முதல் நிலையத்துல விரிச்சு வச்சீங்க?" என்று. எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன்.

முடி முளைக்கும் என்று யாரோ சொல்ல, கும்பகோணத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் வழுக்கையை நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். "எதுக்கும்மா?" என்றேன். "ஃபைலுக்குத்தான் சார். உங்க ஃபோன்ல எங்க ஆப் போட்டிருக்கேன், இதுல ஓகே மட்டும் அழுத்துங்க." அழுத்தினேன். நாம் எதைத்தான் படித்துவிட்டு அழுத்துகிறோம்?

முடி வரவில்லை. பேனர் வந்தது. பாபநாசம் ரோட்டில், உங்கள் வேன் திரும்புகிற இடத்தில். இடது பக்கம் 'சிகிச்சைக்கு முன்' என்று நான். வலது பக்கம் 'சிகிச்சைக்குப் பின்' என்று யாரோ ஒரு பையன். வேனே சிரித்ததும், அந்தத் திருப்பம் வந்தால் சின்னவள் புத்தகப் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வதும் எனக்குத் தெரியும். அதனால்தான் வக்கீலிடம் போனேன்.

"சட்டம் நம்ம பக்கம்தாண்ணே. ஆனா ஓகே குடுத்தது நீங்கதானே? மொதல்ல அவங்க ஆப்புல போயி சம்மதத்த வாபஸ் வாங்குங்க" என்றார்.

வயலில் நின்றபடியே ஆப்பைத் திறந்தேன். வாபஸ் வாங்குவது நான்தானா என்று சரிபார்க்க வேண்டுமாம். முகத்தைக் காட்டச் சொன்னது. தலைப்பாக்கட்டோடு காட்டினேன். அடுத்த வாரம் பழைய பேனர் இறங்கி, புதியது ஏறியது. வலது பக்கத்துப் பையனைக் காணோம். அங்கே 'சிகிச்சைக்குப் பின்' தலைப்பாவோடு நான்!

"இப்ப ரெண்டு பக்கமும் நீங்கதான். கேசு பலமாயிடுச்சுண்ணே!" என்று வக்கீல் சந்தோஷப்பட்டார். புகார் போயிருக்கிறது. பேனர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இறக்கிய பழையதை நான்தான் கேட்டு வாங்கி வந்தேன். நம் பக்கம் எந்த பேனர் இறங்கினாலும் நெல்லை மூடத்தானே போகும்? யாரோ வீட்டு நெல்லின் மேல் என் தலை கிடக்க வேண்டாம் என்று பரணில் ஒளித்து வைத்தேன்.

நேற்று கொள்முதல் நிலையத்தில் நம் நெல் குவிந்து கிடக்க, வானம் கறுத்துவிட்டது. தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது. நனைந்தால் ஈரம் என்று தள்ளிவிடுவார்கள், அறுத்ததெல்லாம் வீண். வீட்டுக்கு ஓடிப் பேனரைக் கொண்டுவந்தேன். படம் கீழே இருந்தால் சாயம் நெல்லில் ஒட்டுமே என்று, மேலே தெரியும்படி விரித்தேன்.

"மாமா, ஒங்க தலையில மொளைக்காதது நெல்லுல மொளைச்சிடப் போவுது, பாத்துக்குங்க!" என்று பக்கத்துக் குவியல்காரர் கத்தினார். மூட்டை தூக்குகிறவர்கள் வரை சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரு மணி நெல்கூட நனையவில்லை.

மழை விட்டதும் எல்லோரும் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். ஒரு பிடி வைக்கோலை எடுத்து, படத்தில் என் மண்டையின் மேல் பரப்பினேன். தள்ளி நின்று பார்த்தால் பொருத்தமாகத்தான் இருந்தது. உங்களுக்குக் காட்ட ஒரு போட்டோ எடுக்கலாம் என்று ஃபோனை எடுத்தேன். அது எதற்கோ ஓகே கேட்டது. பேசாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.