எனக்கும் மாமிக்கும் ஒரே உடம்பு

தாயைப் போலப் பிள்ளை என்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், விசுவமடுவில் எங்கள் வீட்டில் அந்தப் பழமொழி பொய்த்துப்போயிற்று. அம்மா, அப்பா, தம்பி மூவரும் ஈர்க்குக் குச்சிகள். அதே பானைச் சோற்றைத் தின்ற நான் மட்டும் எட்டு வயதிலேயே வாசல் நிறைய நின்றேன்.

அம்மாவுக்குத் தெரிந்த விளக்கம் ஒன்றுதான். நான் களவாய்த் தின்கிறேன். என் சாப்பாட்டுக் கோப்பையில் ஓர் அகப்பைச் சோற்றைக் குறைத்தார். சீனி போட்டு வைக்கும் தகரப் பேணியைத் தட்டி, சீனியைச் சமப்படுத்தி, அதன் மேலே பெருவிரலைப் பதித்து வைத்தார். அந்த அடையாளம் கலையவேயில்லை. நான் இன்னும் கொஞ்சம் பெருத்தேன்.

"எங்கை போய்த் திண்டுட்டு வாறாய்?"

"நான் ஒண்டும் தின்னேல்லை அம்மா."

நம்பவில்லை. வாய்க்கால் கரையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய், "என்ரை பிள்ளைக்கு ஒண்டும் குடுத்துப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் முதல் என்னைக் கண்டால் குசினிக் கதவுகள் மெல்லச் சாத்தப்பட்டன. கள்ளி என்ற பெயரோடு வாய்க்காலில் காலை விட்டபடி இருப்பேன். தண்ணீருக்குள் என் கால்கள் யாருடையவோ போல அசையும். வெயிலும் தும்பிகளும் தூரத்து உழவு மெசின் சத்தமும் கலந்து, விழித்தபடியே கனவு காண்பது போலிருக்கும். அந்தக் கனவிலும் பசித்தது. அம்மா ஒரேயொரு தரம் என்னை நம்பினால் போதும் என்று ஏங்கினேன்.

மாமி, அப்பாவின் அக்கா, யாழ்ப்பாணத்தில் இருந்தார். எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை, காரணத்தையும் யாரும் சொன்னதில்லை. அந்த வருடம் நெல் அறுக்கும் அருவி வெட்டுக்கு அப்பா கூப்பிட, வந்தார். பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் திரும்பி மெதுவாக இறங்கிய மாமியின் மணிக்கட்டில், எனக்கு இருக்கும் அதே மடிப்பு. "ஐயோ, நீயும்தானோ?" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். அவ்வளவு மெத்தென்ற இடம் உலகத்தில் இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

மாமி மூன்று நாள் நின்றார். விடிந்ததும் வயலுக்குப் போய்க் கதிர் கட்டுவார். காலையில் ஒரு துண்டுப் பிட்டு, மத்தியானம் ஒரு பிடி சோறு, அவ்வளவுதான். அம்மா அந்தக் கோப்பையிலிருந்து கண் எடுக்கவில்லை. மாமி கண்ணயர்ந்த நேரம் பார்த்துச் சீனிப் பேணியையும் திறந்தார். பெருவிரல் அடையாளம் அப்படியே இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வெகுநேரம் நின்றார்.

மாமியை பஸ் ஏற்றப் போனபோது, அம்மா திடீரென்று அவருடைய கையைப் பிடித்தார்.

"மச்சாள், நான் கலியாணம் முடிச்சு வந்த புதிசிலை, நீங்கள் களவாய்த் தின்னுறியள் எண்டு ஊரெல்லாம் கதைச்சனான்."

"அதை விடும். பிள்ளைக்கு வயிறாரச் சோறு குடும்."

இருவரும் அழுதார்கள். சோற்றுக்காகப் பெரிய ஆட்கள் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமியின் கண்ணுக்கு நான் மெலிந்து தெரிகிறேன் என்றுதான் நினைத்தேன். என்னை மெலிந்தவள் என்று நினைத்த முதல் ஆள்! அந்தப் பெருமையில், பஸ் மறையும் வரை வயிற்றை எக்கிக்கொண்டு கை காட்டினேன்.