மாமா ஜீப்புக்குப் புது பிளாஸ்டிக் போட்ட ஞாயிற்றுக்கிழமை

உங்க மாமாவிடம் ஒரு ஜீப் இருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. பெரியவனுக்கு அப்போது நாலு வயசு, சின்னவளுக்கு ஒன்று. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. ஏதோ கம்பெனியில் ஓடித் தேய்ந்ததைப் பழசாக வாங்கியிருந்தார். அவர் வீடு திருநின்றவூரில். லீவு நாளானால் வண்டியை ஏரிக்குள்ளேயே இறக்கிக் கழுவுவார். பாதிச் சக்கரம் முழுகி நிற்கும். வேறு வண்டி என்றால் சேற்றில் மாட்டிக்கொள்ளும், இது உறுமிக்கொண்டே கரையேறிவிடும். அதைப் பார்க்க நாலு பேர் நிற்பார்கள். மாமாவுக்கு அதில் ஒரு பெருமை.

ஒவ்வொரு சக்கரத்துக்கு மேலேயும் வளைவாக ஒரு கருப்பு பிளாஸ்டிக் பட்டை உண்டு. வெயில் பட்டுப் பட்டு அது சாம்பல் பூத்துப் போயிருந்தது. முன்பக்கம் இடது பட்டை வெடித்து, கட்டுக்கம்பியில் தொங்கியது. விசேஷத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் தேங்காயெண்ணெய் தடவுவார். கொஞ்ச நேரம் மினுக்கும், அப்புறம் ரோட்டுப் புழுதியெல்லாம் அதில்தான் வந்து ஒட்டும்.

வண்டி ஓடும்போது அந்த இடது பக்கம் கடகடவென்று சத்தம் வரும். "பிளாஸ்டிக் ஆடுது மாப்ளே" என்பார். தொங்குவதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, நாங்களும் நம்பினோம்.

சின்னவளுக்குத் திருத்தணி மலையில் மொட்டை அடித்துக் காது குத்துவதாக வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். "எல்லாரும் என் வண்டிலதான் வரணும்" என்று மாமா முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதற்காகவே வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் நாலு பட்டையும் வாங்கிக்கொண்டு, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டையில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

இடது பட்டையைத்தான் முதலில் கழற்றினோம். பின்னால் ஏரிச் சேறு அடைத்துக்கொண்டிருந்தது. மேலே காய்ந்த மண். ஸ்குரூடிரைவரால் குத்தினால் உள்ளே கருப்பாக, ஈரமாக, செத்த மீன் நாற்றம். அதை வழித்த இடத்தில் தகரம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. எனக்கு என்னவோ கையை எடுத்துக்கொள்ளத் தோன்றியது.

"இவ்ளோ தண்ணி நின்னுகினு இருந்திருக்கே மச்சான். வேற எங்கெல்லாம் பூந்திருக்குமோ."

"ஊட்டுக்குள்ள தண்ணி பூந்தாதான் கவலப்படணும். இது வண்டி மாப்ளே."

சாயங்காலத்துக்குள் நாலு பட்டையும் மாட்டிவிட்டோம். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. "நாளைக்குப் பாரு, கோயில்ல சாமிய உட்டுட்டு இத்தத்தான் சுத்துவானுங்கோ" என்றார். ஒரு ரவுண்டு போய் வரலாம் என்று என்னை ஏற்றிக்கொண்டார்.

எஸ்டேட் ரோடு காலியாக இருந்தது. கடகட சத்தம் போயிருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்திருக்கிறது. இத்தனை நாள் பிளாஸ்டிக் ஆடியதில் அது கேட்கவில்லை. இப்போது தனியாகக் கேட்டது. அம்மியில் மணலை வைத்து அரைப்பது மாதிரி. காலுக்குக் கீழே தகரத்தில் ஏறி என் முட்டி வரைக்கும் வந்தது.

"மச்சான், கேக்குதா?"

"புதுசுல்ல. செட்டாவற வரைக்கும் அப்டித்தான் இருக்கும்."

"இது பிளாஸ்டிக் இல்ல."

மாமா டேப்பில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார். அவருக்கும் கேட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காலையில் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுப் போகலாம் என்றேன். "ஒம்போதுக்கு மேல பத்தரைக்குள்ள நல்ல நேரம். அவன் வந்து கட தொறக்கவே பத்தாவும்" என்றார்.

வீடு திரும்பியதும் உள்ளே போய் உங்க அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "வண்டில வரமாட்டேன்னா, மடி மட்டும் குடுப்பாரா எங்க அண்ணன்?" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளே வாசலுக்குப் போனாள். "ண்ணா, புள்ளைங்களுக்கு ஜீப்புல வாந்தி வருது. நாங்க ரயில்ல வந்துடறோம். அண்ணியும் எங்க கூடவே வரட்டும்."

மாமா என்னைத்தான் பார்த்தார். "வாந்தி புள்ளைங்களுக்கா, உனக்கா மாப்ளே?" என்று கேட்டார். "சரி, ரயில்லயே வாங்க. சீர்த் தட்ட என் வண்டி தூக்கினு வரும்." ராத்திரி சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை.

மறுநாள் நாங்கள் மலையேறினோம், சின்னவளுக்கு மொட்டையும் ஆயிற்று. தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு, "மாமன் எங்கம்மா?" என்று கேட்டார். வருவார் என்றாள் அம்மா. மலைப் பாதையில் கீழேயிருந்து ஒவ்வொரு வண்டியாக முனகிக்கொண்டு ஏறி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நல்ல நேரம் தாண்டிப் போனது. வேறு யார் மடியிலாவது குத்திவிடலாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அம்மா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மாமா நடந்து வந்தார். வேட்டியெல்லாம் மண்ணும் கிரீசும். ஒரு கையில் சீர்த் தட்டு. இன்னொரு கையில், முந்தின நாள் நாங்கள் மாட்டிய இடது பக்கத்துப் பட்டை. அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் அதைச் சுமந்துகொண்டு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"மலைக்குக் கீழ, திரும்பற எடத்துல" என்றார் என்னிடம். "ஒரு சக்கரம் எனக்கு முன்னால உருண்டுகினு போவுது மாப்ளே. எவன்துடா இதுன்னு பாக்கறேன். அப்புறம்தான் வண்டி சாயுது."

ஏரித் தண்ணீர் சக்கரத்துக்குள் இறங்கி, அதைத் தாங்குகிற பேரிங்கை எப்போதோ தின்றுவிட்டிருக்கிறது. மெக்கானிக் பிறகு சொன்னார். அன்றைக்கு மாமா கைகாலைக் கழுவிக்கொண்டு வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். அம்மா சின்னவளை அவர் மடியில் வைத்தாள்.

ஆசாரி ஊசியைக் கிட்டே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். "கொஞ்சம் ஆடாம உக்காருங்கய்யா" என்றார்.

நான் போய் மாமாவின் இரண்டு முட்டியையும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்படியும் ஆட்டம் நிற்கவில்லை.