மாமரத்துக்குள் கேட்ட சத்தம்

மாதவராஜுக்கு நாற்பத்தேழு வயது. அதில் இருபத்தெட்டு வருடம் பாப்பாரப்பட்டியில் மைக்செட் போட்டே ஓடிவிட்டது. காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவருடைய பெட்டிகள்தான் போகும். ஸ்பீக்கரில் லேசாக இரைச்சல் வந்தால் போதும். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எச்சில் கையோடு எழுந்து வந்து, எந்த ஒயர் லூஸ் என்று சொல்லிவிடுவார்.

ஊருக்கு வெளியே அவருக்குப் பதினோரு மாமரங்கள் உண்டு, எல்லாம் பெங்களூரா ரகம். ஆனால் அந்தத் தோப்புக்கு அவர் விருந்தாளிதான். கவாத்து, மருந்தடிப்பு, காய் பறிப்பு அத்தனையும் மனைவி கனிமொழியின் பாடு.

போன வருடம் பங்குனி. காய்கள் கோலிக்குண்டு அளவுக்குத் திரண்டிருந்த சமயத்தில், கிணற்றோர மரத்தில் ஒரு பெரிய கிளை வாடித் தொங்கியது. அடிமரத்தில் பிசின் வடிந்து, கீழே மரத்தூள் கொட்டிக் கிடந்தது. தண்டு துளைப்பான் என்று கனிமொழிக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டு பட்டையில் முட்டை வைக்கும். புழு உள்ளே புகுந்து மரத்தைத் தின்றுகொண்டே நகரும். தூள் தள்ளும் ஓட்டையில் கொக்கிக் கம்பியை விட்டு அதை இழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் குடைந்தாள், தூள்தான் வந்தது. விறகு வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, "வெட்டிருங்கம்மா, பக்கத்து மரத்துக்கும் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் டார்ச் பிடிக்க மாதவராஜைக் கூட்டிப் போனாள். அவள் குடைந்துகொண்டிருக்க, அவர் மரத்தில் சாய்ந்து நின்றார். காது பட்டையில் பட்டது.

"கனி, கம்பிய எடு. கொஞ்சம் அசையாம இரு."

"என்னங்க?"

"உள்ள எதோ கொறிக்குது."

அவளும் காதை வைத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே. ஸ்பீக்கர்கிட்டயே நின்னு நின்னு உங்க காதுதான் இரையுதாட்டம் இருக்குது."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், சின்ன ஆம்ப்ளிஃபயர், பேட்டரி, ஒரு ஸ்பீக்கர் மூன்றையும் கட்டிக்கொண்டு திரும்பினார். கூடவே பழைய காலிங் பெல்லிலிருந்து கழற்றிய, காசு அளவிலான பித்தளைத் தகடு ஒன்று. அதிர்வைப் பிடித்துச் சத்தமாக்கும் தகடு அது. கச்சேரிகளில் தவிலில் ஒட்டிப் பழக்கம் இருந்தது. மரத்தில் டேப் போட்டு ஒட்டி, ஒலியைக் கூட்டினார்.

முதலில் காற்றின் உறுமல். ரோட்டில் ஏதோ பஸ் போனது. அது ஓய்ந்த பிறகு:

கறுக்.

கொஞ்சம் நின்று, கறுக்... கறுக்...

கனிமொழியின் கையிலிருந்த கம்பி நழுவி விழுந்தது. "ஐயோ, தின்னுதுங்க! தின்னறது கேக்குதுங்க!"

பக்கத்துத் தோப்பில் களை வெட்டிக்கொண்டிருந்த காசியம்மாளும் வாய்க்காலைத் தாண்டி ஓடிவந்துவிட்டாள். மாதவராஜ் தகட்டைச் சாண் சாணாக நகர்த்தினார். முழங்கால் உயரத்தில் மங்கலாகக் கேட்டது. மறுபக்கம், தோள் உயரத்தில், ஸ்பீக்கரே அதிர்ந்தது. இத்தனை நாளும் கனிமொழி குடைந்தது புழு விட்டுவிட்டுப் போன பழைய வழி!

உளியால் பட்டையைச் செதுக்கியதும் ஈரத்தூளோடு ஒரு துவாரம் திறந்தது. கனிமொழி கொக்கியை விட்டாள். மெத்தென்று ஏதோ மாட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். நடுவிரலைவிட நீளமான, கொழுத்த வெள்ளைப் புழு நெளிந்துகொண்டே வெளியே வந்தது.

"வந்துட்டான் பாரு திருடன்!" என்று காசியம்மாள் கத்தினாள். "மைக்செட்டு அண்ணா, நம்ம மரத்துக்கும் வாங்க. இப்பவே வாங்க!"

பொழுது சாய்வதற்குள் இரண்டு தோப்பிலும் ஏழு புழுக்கள் பிடிபட்டன. மாதவராஜுக்குச் சாப்பாடே மறந்துபோனது. ஒவ்வொரு மரமாக ஓடி ஓடித் தகட்டை ஒட்டினார்.

சேதி ஏரியூர் வரை போய்விட்டது. அங்கே தர்மன் என்பவருக்கு அறுபது மரம். மாதவராஜ் போய் இறங்கியபோது திருவிழாக் கூட்டம் நின்றது. முதல் மரத்திலேயே சத்தம் கொட்டியது. "இங்கதான், வெட்டுங்க" என்றார். ஒரு முழம் பட்டையைச் செதுக்கிய பிறகுதான் தெரிந்தது, உள்ளே இருந்தவை எறும்புகள்.

"நல்லா இருந்த மரத்தப் புண்ணாக்கிட்டீங்களே" என்றார் தர்மன். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாதவராஜ் ஒயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வந்ததும் தகட்டை மூலையில் போட்டார்.

கனிமொழி விடவில்லை. "தவில் தனியா நாயனம் தனியா பிரிச்சுக் கேக்கறவரு நீங்க. எறும்பையும் புழுவையும் பிரிக்க முடியாதாங்க?"

அதிலிருந்து ஒரு வாரம் அவர் தோப்பிலேயே கிடந்தார். எறும்பு, அணில், இலை உரசல், புழு என்று ஒவ்வொன்றையும் போனில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்டார். எறும்புச் சத்தம் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி விடாமல் வரும். புழு கடிக்கும், நிறுத்தும், மறுபடி கடிக்கும். மரத்தைத் தட்டினால் கப்பென்று அடங்கிவிடும். கொஞ்சநேரம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும்.

கேள்விப்பட்டுத் தோட்டக்கலை அலுவலர் கவிப்பிரியா வந்தார். ஹெட்போனை மாட்டியதும் அவர் கண்கள் விரிந்தன. "அண்ணா, எனக்கே புல்லரிக்குதுங்க! ஆனா புழுவ எடுத்துட்டா பாதி வேலைதான் முடிஞ்சது" என்றார். ஓட்டையில் மருந்து நனைத்த பஞ்சை வைத்துக் களிமண்ணால் அடைக்கவும், செதுக்கிய இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ பசை பூசவும், காய்ந்த கிளைகளை வெட்டி எரிக்கவும் கனிமொழிக்குச் செய்து காட்டினார்.

மறுநாளே மாதவராஜ் தர்மனுக்குப் போன் போட்டார். "ஒரே ஒரு மரம் குடுங்க. இந்தத் தடவ தப்பாதுங்க."

காற்று எழும்பாத விடியற்காலையில் அவரும் கனிமொழியும் போனார்கள். இலை உதிர்ந்துகொண்டிருந்த மரமாகப் பார்த்துத் தகட்டை ஒட்டினார். சத்தம் வந்தது. அவசரப்படவில்லை. மரத்தை விரலால் தட்டினார். அடங்கியது. எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். தர்மன் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லக்கூட இல்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தாயிற்று.

கறுக்.

"புழுதான்!" என்று துள்ளினார் மாதவராஜ். உளியைத் தர்மனே வாங்கிக்கொண்டார். கனிமொழியின் கொக்கியில் ஒன்று வந்தது. அதே துவாரத்திலிருந்து இன்னொன்றும் வந்தது. தர்மன் மாதவராஜின் கையைப் பிடித்து இழுத்தார். "இன்னும் அம்பத்தொம்பது இருக்குதுங்க, வாங்க வாங்க!"

எல்லா மரமும் பிழைத்துவிடவில்லை. மாதவராஜின் பதினொன்றில் இரண்டு, உள்ளே கூடாகிப் போயிருந்தன, வெட்டி எரித்தார்கள். கிணற்றோர மரம் என்ன செய்யும் என்று ஆடி முழுக்கத் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு முகூர்த்தம். மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கனிமொழியிடமிருந்து போன் வந்தது. ஒரு கையில் மைக், ஒரு கையில் போன்.

"ஏனுங்க, கிணத்தோர மரத்துல வெட்டுன கிளைக்குக் கீழ பாருங்க, செவசெவன்னு கொழுந்து! ஒண்ணு ரெண்டு இல்ல, கொத்துக் கொத்தா!"

"துளிர்த்திருச்சா!" என்று மாதவராஜ் போட்ட கூச்சல் எட்டு ஸ்பீக்கரிலும் முழங்கியது. தாலி எடுத்துக் கொடுக்க நின்ற பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். மாதவராஜ் அதைக் கவனிக்கவே இல்லை. "எத்தன கொத்து? எண்ணிச் சொல்லு!" என்று மைக்கிலேயே கேட்டுக்கொண்டிருந்தார்.