பொழுதுபட முன்னம்

பொழுது பட்டால் அப்பாவுக்குக் கண் தெரியாது. அது அம்மாவுக்குக்கூடத் தெரியாத ரகசியம். எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும். அது வெளியே தெரிந்தால் எங்கள் வான் வண்டியை ஒருவரும் ஹயருக்குப் பிடிக்கமாட்டார்கள். அதனால் பின்னேர ஓட்டம் வந்தால், "பிள்ளைக்கு இடம் காட்டப் போறன்" என்று சொல்லி அப்பா என்னையும் ஏற்றிக்கொள்வார். எனக்குப் பத்து வயது. வானம் வெளித்திருந்தாலும் மழையை நினைத்துப் பயப்படுகிற பிள்ளை நான். ரகசியத்தைக் கொடுத்துவைக்க அப்பாவுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்த வருடம் கனடாவிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். கரையோர றோட்டால் புல்மோட்டைப் பக்கம் போய் எல்லாம் பார்க்க வேண்டும் என்றார் பெரியப்பா. காலையில் சாம்பல்தீவிலிருந்து வெளிக்கிட்டால் மூன்று மணிக்குத் திரும்பிவிடலாம் என்று அப்பா நினைத்தார்.

நிலாவெளியில் புறாமலைக்கு எதிரே ஒரு மணித்தியாலம் நின்றார்கள். இறக்கக்கண்டிப் பாலத்தில் இறங்கி நடந்தார்கள். குச்சவெளியில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையில் ஏறினார்கள். அரிசிமலையில் பெரியப்பா அரிசிமணி போன்ற மணலை அள்ளி அள்ளிச் சொரிந்து, "உலையிலை போடலாம் போல கிடக்கு" என்றார். நான் மணலைப் பார்க்கவில்லை, சூரியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரியப்பா, போவமே?"

"என்ன பிள்ளை அவதி? கடல் எங்கையும் ஓடிப்போகாது."

திரும்பும்போது களப்புத் தண்ணீருக்கு அப்பால் சூரியன் சிவந்து இறங்கியது. அதற்கும் நிறுத்திப் படம் பிடித்தார் பெரியம்மா. அதன்பிறகு என் வேலை தொடங்கியது. விருந்தாளிகளுக்கு இடம் காட்டுவது போல அப்பாவுக்கு வழி சொல்வதுதான் எங்கள் முறை.

"இனி வலக்கைப் பக்கமா ஒரு வளைவு வரும். அங்காலை பனங்கூடல்... இப்ப ஒரு ஒடுக்கமான மதகு..."

"பிள்ளை நல்ல கைட்" என்று பெரியம்மா சிரித்தார். அப்பாவின் கழுத்தில் வியர்வை ஓடியது.

மாலையானால் அந்த றோட்டில் தார்ச் சூட்டுக்கு மாடுகள் வந்து படுக்கும். தூரத்தில் கறுப்பாய் ஒன்று கிடந்தது. கத்தினால் ரகசியம் போய்விடும். எனவே வழக்கம்போலவே தொடங்கினேன்: "இந்தப் பக்கத்திலை பின்னேரங்களிலை..." வசனம் முடிகிறபாடாயில்லை. மாடோ கிட்ட வந்துவிட்டது.

"அப்பா, மாடு!"

வான் அலறிக்கொண்டு நின்றது. கொம்புக்கும் வானுக்கும் இடையில் ஒரு சாண் இருந்தால் அதிகம். மாடு எழும்பவுமில்லை, அசைபோடுவதை நிறுத்தவுமில்லை.

பெரியப்பா இறங்கி அப்பாவின் பக்கம் வந்தார்.

"எப்ப துவங்கினது?"

"என்னது அண்ணை?"

"எனக்கு நடிக்காதை. எங்கட ஐயா சைக்கிள் ஓட, நான் பாரிலை இருந்து இப்பிடித்தானே றோட்டுச் சொல்லிக்கொண்டு போனனான். நீ அப்ப கைக்குழந்தை. எனக்கும் இப்ப இருட்டினா ஏலாது. அங்கை இவள்தான் ஓடுறவள்."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் குனிந்திருந்தார்.

"தம்பி, இறங்குங்கோ. நான் ஓடுறன்" என்றார் பெரியம்மா. அப்பா இறங்கினார்.

ரகசியத்தை நானே உடைத்துவிட்டேன் என்று எனக்கு அழுகை வந்தது. பெரியப்பா என் கையைப் பிடித்து றோட்டுக் கரைக்குக் கூட்டிப்போனார். பொழுதுபட்டு நன்றாக மைம்மலாகிவிட்டிருந்தது.

"பிள்ளை, அந்தக் கரையிலை வள்ளம் கிடக்குதாம். எத்தினையெண்டு சொல்லு."

எனக்குக் கணக்கு வராது என்று அம்மா இவருக்கும் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். இந்த நேரத்திலா சோதனை வைப்பது?

"அஞ்சு."

"வடிவாப் பார்."

"அஞ்சுதான் பெரியப்பா. ஒண்டு கவிண்டு கிடக்கு."

அவர் என் தலையில் கையை வைத்து, "தம்பி, பிள்ளைக்கு வடிவாத் தெரியுது" என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் இன்றைக்கும் மைம்மலானால் படலையில் நின்று வேலிக் கதியால் தடிகளையோ கம்பியிலிருக்கும் காகத்தையோ எண்ணாமல் உள்ளே போகமாட்டேன். அன்றைக்கோ, கணக்கில் ஒருமுறையாவது பாஸ் பண்ணிவிட்டேன் என்ற சந்தோசத்தில், சாம்பல்தீவு வரும்வரை நல்ல நித்திரை.